கிரைண்டர் நம்பர் 7

ஸ்ரீரங்கத்தில் என் மச்சான் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று எந்த விசேஷமானாலும் அண்டா, குண்டான், நாற்காலி, ஜமக்காளம் எல்லாம் அங்கிருந்து போகும். கூடவே கிரைண்டர், ஃபோகஸ் லைட், பெடஸ்டல் ஃபேன், எக்ஸ்டென்ஷன் பெட்டி. கரண்டில் ஓடும் சாமான்களுக்கு மட்டும் கடையில் தனியாக ஒரு நோட்டு இருக்கிறது. கெட்டி அட்டை போட்ட பழைய மாதிரி கணக்கு நோட்டு. சாமானுக்கு ஒரு பக்கம். அதை எழுதுவது என் பொறுப்பு.

அதில் கிரைண்டர் நம்பர் 7-ன் பக்கத்தை அப்படியே இங்கே தருகிறேன். முதல் எண் இன்சுலேஷன், மெகா ஓமில். இரண்டாவது எர்த் கம்பியின் தடை, ஓமில்.

ஜனவரி 2018: 200-க்கு மேல்; 0.08
ஜூலை 2018: 120, 0.09
ஜனவரி 2019: 45, 0.15
ஜூலை 2019: 11, 0.30
நவம்பர் 2019: 2.5, 0.65

இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்பதுதான் நாங்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் வரம்பு. அந்தக் கணக்கில் ஐந்து முறையும் இந்த கிரைண்டர் பாஸ். பக்கத்தில் ஒரு டிக் மட்டும் போட்டிருந்தால் ஐந்து டிக் வரிசையாக நின்றிருக்கும், அடுத்த முகூர்த்தத்துக்கு வண்டியில் ஏறிப் போயிருக்கும். எண்ணை எழுதியதால்தான் இறங்குமுகம் கண்ணில் பட்டது.

பிரித்துப் பார்த்தோம். அடியில் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, மாவுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மோட்டாருக்குள் இறங்கியிருந்தது. பிளக் டாப்பைக் கழற்றினால், பச்சை எர்த் கம்பியின் இழைகளில் பாதிக்கு மேல் அறுந்து, மிச்சம் நாலைந்து இழை ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டிருந்தன. பாருங்கள், ஒரு பக்கம் கரண்ட் பாடிக்கு வரும் வழி திறந்துகொண்டே போகிறது. இன்னொரு பக்கம் அந்தக் கரண்ட் பத்திரமாக பூமிக்கு இறங்கும் வழி அடைந்துகொண்டே வருகிறது. இரண்டும் ஒரே நாளில் முடிந்திருந்தால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மாவை வழித்துக்கொண்டிருக்கும் ஒரு அக்காவின் கை அந்த எஃகுத் தொட்டியில் இருந்திருக்கும்.

அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2004-ம் ஆண்டு ஞாபகம் வரும்.

மின்கசிவு என்ற ஒற்றைச் சொல்

ஜனவரி 23, 2004. வெள்ளிக்கிழமை. தை மாதத்து முகூர்த்தம். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் திருமணம் நடந்துகொண்டிருந்தது. மாடியில் கீற்றுப் பந்தல். வீடியோ எடுப்பவரின் விளக்குக்குப் போன ஒயரில் பொறி கிளம்பி, கீற்றில் தீப்பிடித்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மணமகனும் அதில் ஒருவர். அதே ஆண்டு ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். காவிரிக் கரையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தேதான் நினைவுக்கு வரும். கும்பகோணம் சமையலறை நெருப்பு. ஸ்ரீரங்கம் கரண்ட் நெருப்பு.

நான் அப்போது துவாக்குடி சிட்கோவில், பெல்லுக்கு வேலை எடுத்துச் செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஸ்ரீரங்கத்தில் தீப்பிடித்த அன்று மத்தியானம் கேன்டீனில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பாதிப் பேருக்கு அம்மா மண்டபம், அடையவளஞ்சான் வீதி, திருவானைக்காவல் பக்கம் சொந்தக்காரர்கள். எங்கள் ஃபோர்மேன் மட்டும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்: "அந்த ஒயரை கடைசியா யார் பார்த்தது?"

இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் ஊரில் எந்தத் தீ விபத்துச் செய்தியை எடுத்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது. அதோடு செய்தி முடிந்துவிடும். ஆனால் வேலை தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு நோய்கள் இருப்பது தெரியும்.

ஒன்று, ஷார்ட். பேஸும் நியூட்ரலும் நேராக ஒட்டிக்கொள்வது. கரண்ட் ஒரேயடியாக எகிறும். அதைப் பிடிக்க எம்.சி.பி. இருக்கிறது.

இரண்டு, லீக்கேஜ். கரண்ட் போக வேண்டிய வழியை விட்டு, பாடி வழியாகவோ ஆள் வழியாகவோ பூமிக்குக் கசிவது. மின்கசிவு என்ற பெயர் சரியாகப் பொருந்துவது இதற்கு மட்டும்தான். இதைப் பிடிக்க ஆர்.சி.சி.பி. இருக்கிறது. கடைத்தெருவில் இன்னமும் இ.எல்.சி.பி. என்றே கேட்டு வாங்குவார்கள்.

மூன்று, லூஸ் காண்டாக்ட். இதைப் பிடிக்க, நம் மெயின் போர்டில் இருக்கும் எந்தப் பெட்டியாலும் முடியாது. 1000 வாட் ஹாலோஜன் விளக்கு ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட் தளர்ந்து, அங்கே 1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு புள்ளியில் கிட்டத்தட்ட 19 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் 25 வாட். அதன் முனை ஈயத்தை உருக்கும். எம்.சி.பி.க்கு இது சாதாரண லோடு. ஆர்.சி.சி.பி.க்கும் போன கரண்ட் சரியாகத் திரும்பி வருகிறது. விளக்கும் பளிச்சென்று எரியும். மேலே காய்ந்த கீற்றோ, சீரியல் செட் சுற்றிய ஜிகினாத் துணியோ இருந்தால் மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

லூஸ் காண்டாக்டைப் பிடிப்பது மனிதனின் கண்ணும் கையும் மூக்கும்தான். அதனால்தான் சோதனை என்றால் நான் முதலில் மீட்டரைக் கையில் எடுப்பதில்லை. ஒயரை அடி முதல் நுனி வரை விரலால் தடவிப் பார்ப்பேன். எங்கே விறைத்திருக்கிறது, எங்கே நிறம் மாறியிருக்கிறது, பிளக் பின்னில் கறுப்பு ஏறியிருக்கிறதா, டேப் சுற்றிய இடம் உண்டா. பெரும்பாலான கோளாறுகள் இந்த இடத்திலேயே அகப்பட்டுவிடும். எங்கள் நோட்டில் ஒரு விதி இருக்கிறது: வாடகைக்குப் போகும் எந்த ஒயரிலும் டேப் ஜாயிண்ட் இருக்கக் கூடாது. இருந்தால் வெட்டிச் சின்னதாக்கு, இல்லையென்றால் தூக்கிப் போடு.

"ஓகேன்னா எவ்வளவு ஓகே?"

பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெல்டிங் செட்டுகளுக்கும் மோட்டார்களுக்கும் மெகரில் இன்சுலேஷன் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதச் சொன்னார்கள். ஒரு நாள் முழுக்கப் பார்த்து, எல்லா வரியிலும் ஓகே, ஓகே என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஃபோர்மேன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, ஓகேன்னா எவ்வளவு ஓகே?"

"எல்லாம் ஒண்ணுக்கு மேலதான் சார் இருந்துச்சு."

"ஒண்ணேகாலும் ஒண்ணுக்கு மேல. இருநூறும் ஒண்ணுக்கு மேல. ரெண்டும் ஒண்ணா? முள்ளு எங்க நின்னுச்சோ அதை எழுது. அது நல்லதா கெட்டதான்னு ஆறு மாசம் கழிச்சுப் பாக்கறவன் சொல்லுவான்."

மறுநாள் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தேன். அன்றைக்குக் கற்றதுதான் இன்று வரைக்கும் என் தொழில். டாக்டர் சர்க்கரை அளவை நார்மல் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் நாம் ஒத்துக்கொள்வோமா? எண் வேண்டும், தேதி வேண்டும், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று வேண்டும். மோட்டாருக்கும் அதே மாதிரிதான். சூடாக இருக்கும் மோட்டார் குறைவாகக் காட்டும். ஐப்பசி அடைமழையில் எடுத்த எண்ணும் சித்திரை வெயிலில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது. ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் மழையா வெயிலா, ஓடி வந்ததா ஆறியதா என்பதையும் எழுதுவோம். எழுதியவர் கையெழுத்தும் இருக்கும். கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரிந்தால், பார்க்காமலே எழுத யாருக்கும் கை வராது.

மெகர் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு வணிகப் பெயர். லண்டனில் இருந்த எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் கம்பெனி 1903-ல் பதிவு செய்தது. பெயர் கருவிக்கே நிலைத்துவிட்டது. அந்தக் காலத்தில் கையால் சுற்றும் பிடி இருந்தது. இப்போது பட்டன் அழுத்தினால் போதும். உள்ளே நடப்பது அதேதான்: 500 வோல்ட் டி.சி.யைக் கொடுத்து, இன்சுலேஷன் வழியாக எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது.

எங்கள் சோதனை இந்த வரிசையில் நடக்கும். பிளக்கைப் பிடுங்கி, கண்ணால் பார்ப்பது. பிறகு எர்த் பின்னிலிருந்து சாமானின் உலோக பாடி வரைக்கும் தடை பார்ப்பது. இது ஓமில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும், ஒயர் நீளமென்றால் கொஞ்சம் கூடலாம். பிறகு பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் எர்த்துக்கும் நடுவே மெகர், ஒரு நிமிஷம் வைத்து. எல்.இ.டி. விளக்கு, ஆம்ப்ளிஃபயர் மாதிரி உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருப்பவற்றுக்கு 500 வோல்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கூடாது, சாமான் கெட்டுப்போகும். கடைசியில் கரண்டு கொடுத்து ஓட்டிப் பார்ப்பது. ஒரு கிரைண்டருக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

30 மில்லி ஆம்பியர்

சரி, ஆர்.சி.சி.பி. போட்டாயிற்றே, இத்தனையும் எதற்கு என்று மண்டபத்துக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், கரண்ட் பிடித்த கையை மனிதன் தானாக எடுக்க முடிகிற எல்லை எது என்று தன்னார்வலர்களை வைத்தே அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் தசை இறுகி, விட நினைத்தாலும் கை விடாது. நனைந்த உடம்பின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதற்குள் கண் சிமிட்டும் நேரத்தில் விழுந்துவிட வேண்டும். ஒவ்வொரு மண்டபத்துச் சமையலறையிலும் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஆனால் அதில் இருக்கும் டி என்ற டெஸ்ட் பட்டன் பெட்டி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். எர்த் நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது. எர்த்தே இல்லாத வீட்டிலும் பட்டனை அழுத்தினால் பெட்டி விழும். எர்த் கம்பி அறுந்த கிரைண்டரில் கசிவு வந்தால், கசிந்தது அப்படியே பாடியில் உட்கார்ந்திருக்கும். யாராவது தொட்ட பிறகுதான் ஆர்.சி.சி.பி.க்கே தெரியும். அதாவது ஆள் உடம்பு வழியாகச் சோதனை நடக்கும்.

எம்.சி.பி.யை நம்பியும் பயனில்லை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு தனி எர்த் பிட். குழி எர்த் 5 ஓம் இருந்தால், பாடியில் முழு கரண்ட் இறங்கினாலும் அதிகபட்சம் 46 ஆம்பியர்தான் போகும். 16 ஆம்பியர் சி டைப் எம்.சி.பி. உடனே விழ 80 ஆம்பியரிலிருந்து 160 வரை வேண்டும். அது சாவகாசமாகச் சூடாகி விழும் வரை யாரும் தொடாமல் இருக்க வேண்டும்.

இங்கே ஸ்ரீரங்கத்துக்கே உரிய விஷயம் ஒன்று இருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு இது. மண்ணைத் தோண்டினால் மணல். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் எர்த் பிட் அருமையான எண் காட்டும். பங்குனி, சித்திரையில் ஆறு வற்றி மணல் காய்ந்தால் அதே பிட்டின் தடை மேலே ஏறும். ஈர மண் கரண்டைக் கடத்தும், காய்ந்த மணல் கடத்தாது. ஆகவே மண்டபத்து எர்த்தை மழைக்காலத்தில் மட்டும் அளந்து எழுதி வைத்தால் அது பாதி உண்மை. நான் வருஷத்துக்கு இரண்டு தடவை அளப்பேன்: தண்ணீர் ஓடும்போது ஒன்று, அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் ஒன்று. கோடைக்கால எண்ணைத்தான் கணக்கில் எடுப்பேன். கோடையில் பிட்டுக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள் பழைய வயர்மேன்கள். அது வெறும் சம்பிரதாயம் இல்லை. அளந்து பார்த்தால் எண்ணில் தெரியும்.

சட்டம் சொல்வதும் வழக்கமும்

மின்சாரச் சட்டம் 2003-ன் 54-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். 100 பேரோ அதற்கு மேலோ வழக்கமாகக் கூடும் இடத்தில் 250 வாட்டுக்கும் 100 வோல்ட்டுக்கும் மேல் மின்சாரத்தைப் பயன்படுத்த, ஏழு நாளுக்குக் குறையாமல் முன்கூட்டியே மின் ஆய்வாளருக்கும், மாவட்ட ஆட்சியர் அல்லது காவல் ஆணையருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கல்யாண மண்டபம் என்பது இதற்கு அப்படியே பொருந்தும் இடம். மண்டபத்தின் சொந்த வயரிங்குக்கு ஏதோ ஒரு காலத்தில் ஒரு சான்றிதழ் இருக்கும். ஆனால் கல்யாணத்தன்று அந்த வயரிங்கில் வந்து ஒட்டுவது எல்லாம் வெளியூர்ச் சரக்கு. வீடியோக்காரர் ஒரு பெட்டி, மைக் செட்காரர் ஒரு பெட்டி, அலங்காரக்காரர் சீரியல் செட், சமையல்காரர் கிரைண்டர், ஐஸ்கிரீம் ஸ்டால்காரர் ஃப்ரீசர். காலையில் வந்து சாயந்திரம் போய்விடும் இந்தச் சாமான்கள் எந்தச் சான்றிதழிலும் இல்லை. 2004-ல் தீ கிளம்பியதும் அப்படி வந்த ஒரு விளக்கின் ஒயரிலிருந்துதான்.

லண்டனில் இருக்கும் உறவினர் வீட்டுக்கோ ஆபீஸுக்கோ போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், கெட்டில் பிளக்கில் கூடத் தேதி போட்ட பச்சை ஸ்டிக்கர் இருக்கும். அங்கே 1989-ல் வந்த வேலையிட மின்சார விதிகள், ஆபத்து வராதபடி சாமானைப் பராமரி என்றுதான் சொல்கின்றன. ஸ்டிக்கர் ஒட்டு என்று சொல்லவில்லை. பராமரித்தேன் என்று காட்டுவதற்காகச் சோதனையும் பதிவும் வழக்கமாக வேரூன்றிவிட்டன. நமக்கும் வேண்டியது அந்த வழக்கம்தான். இந்தியாவில் ஆண்டுதோறும் மின்சாரம் தாக்கி 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள் என்கின்றன தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள். ஒரு நோட்டின் விலை நூறு ரூபாய்.

மெகரும் கையுமாக எல்லாரும் இறங்க வேண்டாம். அது லைசென்ஸ் உள்ள வயர்மேனின் வேலை. ஆனால் நீங்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன. வீட்டு ஆர்.சி.சி.பி.யின் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்து, காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு குறி போடுங்கள். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை ஒருநாளும் உடைக்காதீர்கள். கிரைண்டரைத் தொட்டதும் சுரீரென்றால், ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள். அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மண்டபம் பேசப் போகும்போது பார்க்கிங், ஏ.சி., சாப்பாட்டு ஹாலில் எத்தனை இலை போடலாம் என்று கேட்கிறோம் இல்லையா, கூடவே ஒரு கேள்வி: "சமையல்கட்டு எர்த் கடைசியா எப்போ பார்த்தீங்க? எழுதி வெச்சிருக்கீங்களா?" நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு நோட்டு தயாராக இருக்கும்.

எங்கள் கடையில் அப்படிக் கேட்ட முதல் மனிதர் பெண்ணைப் பெற்ற ஒரு அப்பா. தில்லைநகரிலிருந்து வந்திருந்தார். சாமான் பட்டியல் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கிரைண்டருக்கு ஏதாவது டெஸ்ட் பண்ணுவீர்களா என்றார். மச்சான் நோட்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியவர் 7-ம் நம்பரில் நின்றார்.

"இது ஏன் இப்படிக் குறைஞ்சுகிட்டே வந்திருக்கு?"

சொன்னேன். சீல் தேய்ந்தது, தண்ணீர் இறங்கியது, எர்த் அறுந்தது, பிரித்துக் காயவைத்து வார்னிஷ் அடித்தது, சீலும் ஒயரும் பிளக்கும் புதிதாகப் போட்டது. அதற்குப் பிறகான வரிகளையும் காட்டினேன்: 150, 150, 140.

சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "அப்ப இதையே கொடுங்க. என்ன ஆச்சு, என்ன பண்ணீங்கன்னு இதுக்குத்தான் முழுசா தெரியுது."

கல்யாணம் முடிந்து கிரைண்டர் திரும்பி வந்ததும் கழுவிக் காயவைத்து, மறுநாள் காலை மெகர் வைத்தேன். 140; 0.08, வெயில், ஆறியது. தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.